மூன்று நிமிடம் என்றுதான் சொன்னேன்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆள்கூட எனக்கு ஒரு நேரத்தைச் சரியாகச் சொல்லவில்லை. "இப்ப வந்துருவாங்க", "கொஞ்ச நேரத்துல", "ரவுண்ட்ஸ் முடியட்டும்மா". இருபத்தாறு வருஷமாக நான் ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு சரக்கு வண்டி என் ஸ்டேஷனில் ஏழு நிமிஷம் கூடுதலாக நின்றால் அந்த ஏழு நிமிஷத்துக்கு நான்தான் பதில் எழுத வேண்டும். இங்கே ஒரு மனுஷன் உயிருக்குப் போராடுகிறார், ஐ.சி.யு. வாசலில் தொங்குகிற கடிகாரம் நாலரையிலேயே நின்றுகிடக்கிறது. கேட்டால் செக்யூரிட்டி சிரிக்கிறான்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

6.00 நைட் டியூட்டி முடித்து ஒப்படைத்தேன். 6.41 வீடு. 6.50 காபி. மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்று இரண்டு வார்த்தை பேசினோம். அவர் புறவாசலுக்குப் போனார், நான் அறைக்குள் போனேன். சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன், அப்போது 7.17. வாஷிங் மெஷின் பக்கத்தில் குப்புறக் கிடந்தார், ஸ்டூல் அவர் மேலே கிடந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டு முத்துக்குட்டி அண்ணன் சுவரேறிக் குதித்து வந்தார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 7.20க்கு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தவர் 108 வருகிறவரை நிறுத்தவில்லை. 7.34 ஆம்புலன்ஸ். 7.41 மூன்றாவது ஷாக்கில் நாடி திரும்பியது. 8.05 இங்கே.

வந்ததும் ஒரு சின்ன டாக்டர் தாளும் பேனாவுமாகக் கேட்டான்.

"விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு நெஞ்ச அமுக்குனாங்கம்மா?"

"மூணு நிமிஷம்."

"கரெக்டா தெரியுமா? பதட்டத்துல..."

"நான் ஸ்டேஷன் மாஸ்டர் தம்பி. நேரம் எனக்குத் தப்பாது."

எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்தும் வாங்கினான்.

இரத்தக்குழாய் அடைப்பாம். ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இதயம் ஓடுகிறது. மூச்சுக்கு மெஷின். காய்ச்சல் ஏறாமல் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்து, தூங்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்ததால் அது எப்படி இருக்கிறதென்று இனிமேல்தான் தெரியுமாம். இனிமேல் என்றால் எப்போது என்றேன். "பாக்கலாம்" என்றார்கள்.

செப்டம்பர் 10, புதன்

பெனிட்டா காலை 5.10க்கு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அழுத கண்ணோடு செல்போனை நோண்டிக்கொண்டே வந்திருக்கிறாள். "மூணு நிமிஷம்னா நல்ல சான்ஸ் இருக்கும்மா. நான் ராத்திரி பூரா படிச்சேன்" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதைப் பார்த்து எனக்கும் தெம்பாக இருந்தது.

மதியம் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் கோமதிநாயகம் எங்களை உள்ளே கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். நான், பெனிட்டா, என் கொழுந்தன் செல்வசிங்.

"நல்ல மூளைன்னா வெளிப்பக்கம் ஒரு நிறம், உள்ள ஒரு நிறம், கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரியும். இவருக்குப் பாருங்க. எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு. வீங்கியிருக்கு. எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?"

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷத்துக்கு இது ஜாஸ்திம்மா."

எனக்கு வந்ததே கோபம். என்ன அர்த்தம் இதற்கு? ஒரு இருட்டறைப் படம் சொல்கிறதாம், பக்கத்தில் இருந்த நான் சொல்வது பொய்யாம். "படம் எடுத்தவங்க அங்க இருந்தாங்களா டாக்டர்? நான் இருந்தேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெருசா நம்பிக்கை வெச்சுக்காதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆம்புலன்ஸில் டியூபோடு கொண்டுவருவார்கள், கூடத்தில் கட்டில் தயாராக இருக்கும், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஜெபம் பண்ணுவார்கள், ஒரு நர்ஸ் டியூபை எடுப்பான். உயிர் வீட்டில் போயிற்று என்று திருப்தி. முப்பது மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள்!

வெளியே வந்ததும் செல்வசிங் கேட்டான்: "மைனி, ஆம்புலன்சுக்குச் சொல்லிரட்டா? சித்தப்பா மாமால்லாம் வரணும்லா?"

"ஒங்க அண்ணன் உள்ள மூச்சு விட்டுக்கிட்டிருக்காவ, லே. வாய மூடிட்டு இரி."

போதாததற்கு அந்த ஸ்கேன் படத்தைச் செல்போனில் பிடித்து துபாயில் இருக்கிற யாரோ பிசியோதெரப்பிஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அந்தப் பையன் கும்பிடுகிற கை பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். இதுதான் இரண்டாவது மருத்துவக் கருத்து.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. அழுகையால் இல்லை, கோபத்தால்.

உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் மின்கம்பத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி. "எங்கள் அன்பு அண்ணன் திரு. ஆசீர் தங்கராஜ் அவர்கள் 10-ந் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." கீழே கபடிக் குழு நண்பர்கள், பதினாலு பேர், பதினாலு படங்கள், எல்லோரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. என் புருஷன் படம் பெனிட்டா பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. என்னை வெட்டிவிட்டார்கள். அவர் தோளில் என் கை மட்டும் இருக்கிறது.

ஸ்கேன் எடுத்த தேதியை இறந்த தேதியாகப் போட்டிருக்கிறார்கள்! குடும்ப வாட்ஸப் குழுவில் செல்வசிங் "அண்ணன் மூளை இறந்துட்டு" என்று எழுதினானாம். எந்தக் குழு பிளக்ஸை முதலில் வைப்பது என்று இந்த ஊரில் போட்டி அல்லவா, ராத்திரியோடு ராத்திரியாக அடித்து வைத்துவிட்டார்கள்.

முத்துக்குட்டி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி அறுத்தேன். 6.25க்கு ஆரம்பித்து 6.31க்கு இறக்கினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எப்பம்மா எடுக்கிய?" என்று கேட்டார். அடக்கத்துக்கு எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். "எடுக்க மாட்டோம். உயிரோட இருக்காவ" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் பயந்துபோய் பாலை ஊற்றாமலே போய்விட்டார்.

செல்வசிங்கை ஆஸ்பத்திரி கேண்டீன் வாசலில் வைத்துக் கிழித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர் சொன்னதத்தானே மைனி போட்டேன்" என்றான்.

ஒரு நல்லது நடந்தது. மூளை நரம்பு டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து இருக்கும், ஊர் மேலப்பாளையம். வந்த உடனே, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தூக்க மருந்த நிறுத்துறோம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு எம்.ஆர்.ஐ. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒங்ககிட்டப் பேசுவேன்" என்றாள். மூன்று நேரம் சொன்னாள், மூன்றும் மணிக்கணக்கு. காலில் விழலாம் போலிருந்தது.

"அந்த சி.டி. படம்?" என்றேன்.

"முதல் ரெண்டு நாள்ல எடுத்த ஒரு படத்த வெச்சுத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்கம்மா. தூக்க மருந்து உள்ள இருக்கப்ப அவர எழுப்பிப் பாக்கவும் முடியாது. சி.டி. வீக்கத்தக் காட்டும். எந்த இடம் செத்துருக்குன்னு எம்.ஆர்.ஐ. இன்னும் நல்லாக் காட்டும். அதயும் தனியா நம்ப மாட்டேன். கண்மணி அசைவு, மூளை அலையப் பாக்குற இ.இ.ஜி., நரம்பு டெஸ்ட், எல்லாம் சேந்து ஒண்ணச் சொன்னாத்தான் சொல்வேன்."

கோமதிநாயகத்தின் அறைக் கதவைத் திறந்துகொண்டு போய், "கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பெனிட்டா வெட்கப்பட்டாள். படட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

6.04க்கு மருந்தை நிறுத்தினார்கள். நாலு நிமிஷம் தாமதம், மன்னிக்கலாம். பகல் முழுவதும் பார்த்தேன். கண் திறக்கவில்லை. 2.15க்கு வலது தோள் குலுங்கியது. பெனிட்டா சந்தோஷத்தில் கத்திவிட்டாள். அது வலிப்பாம்.

சாயங்காலம் நஸ்ரின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வராந்தாவில், தண்ணீர் மெஷின் பக்கத்தில்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த மூணு நிமிஷம்... நீங்க பாத்ததுல இருந்தா, விழுந்ததுல இருந்தா?"

நல்லவள் என்று நினைத்தால் இவளும் அதே கூட்டம்தான். என்ன துணிச்சல் இருந்தால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரிடம் இப்படிக் கேட்பாள்? "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன். அதப் பாருங்க" என்றேன். "சரிங்கம்மா. எதுவா இருந்தாலும் திங்கக்கிழமை வரைக்கும் நாங்க எதையும் குறைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்ததிலிருந்து மூன்று. 7.17, 7.20. இதில் என்ன பொய் இருக்கிறது?

செப்டம்பர் 13, சனி

லீவு நீட்டிக் கடிதம் அனுப்பினேன். கன்ட்ரோலிலிருந்து போன்: அடுத்த வாரம் இரட்டைப் பாதை ஆய்வு இருக்கிறதாம், எப்போது சேர்வீர்கள் என்றார்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் எடுத்த லீவை விரல் விட்டு எண்ணலாம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

11.20 எம்.ஆர்.ஐ. உள்ளே கொண்டுபோகும்போது அவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் தந்தார்கள்.

முத்துக்குட்டி அண்ணன் சாம்பார் சாதம் கொண்டுவந்தார். பெனிட்டா சாப்பிட்டாள். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் வரும்போது ஒதடு நீலம் பாஞ்சு கெடந்துது தங்கச்சி. நம்பிக்கையே இல்லாமத்தான் அமுக்குனேன். ஒங்க வீட்டுல சாமான் விழுந்த சத்தம் எனக்கே கேட்டுது. ஏழு மணி நியூஸ் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் இருக்கும். சரி, மச்சான் கோவத்துல எதையோ போடுதாருன்னு நெனச்சிட்டு..."

"அண்ணே, ஒங்க வீட்டு டி.வி. எப்பவும் முந்தித்தான் ஓடும்" என்று வெட்டினேன்.

டி.வி. எப்படி முந்தி ஓடும் என்று பெனிட்டா கேட்கவில்லை. சாப்பிடுகிற கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி சாப்பிட்டாள். வயதானவர்களுக்கு நேரக் கணக்கு இருப்பதில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் தேவையில்லாமல் பேசுவார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனையில் அவருக்காக ஜெபித்தார்களாம், பிளக்ஸ் பார்த்த சிலர் இறந்தவர் வீட்டாருக்குப் பண்ணுகிற ஆறுதலின் ஜெபமே பண்ணிவிட்டார்களாம். யூனிஃபார்மைத் துவைத்தேன். கையால்தான். புறவாசல் பக்கம் போகப் பிடிக்கவில்லை, குளியலறையில் வைத்தே அலசினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

10.00 என்றாள், 10.00க்குக் கதவைத் திறந்தாள்.

சின்ன அறை. நஸ்ரின், பெனிட்டா, செல்வசிங், நான். கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று யாரோ நல்லபடியாக இருக்கிறவருடையது. மற்றது என் புருஷனுடையது. விளிம்பெல்லாம் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"வெள்ளையா இருக்கதெல்லாம் செல் செத்துப்போன இடம்" என்றாள் நஸ்ரின். "கண்மணில வெளிச்சம் அடிச்சா அசைவு இல்ல. கையில கரண்ட் வெச்சா மூளைக்குப் போய்ச் சேரல. இ.இ.ஜி. கிட்டத்தட்ட கோடுதான். நாலும் ஒரே பக்கம் நிக்குது. இதுக்கு மேல அவர் முழிக்க மாட்டார்னுதான் நான் சொல்ல முடியும். என்ன மன்னிச்சிருங்க."

பெனிட்டா அழவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஐந்து நாளாக அவள் எழுதி வைத்திருந்தது.

"டாக்டர், மூணு நிமிஷத்துல இவ்வளவு ஆகாது. நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன். மூணு நிமிஷத்துல அமுக்க ஆரம்பிச்சவங்க நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. அப்ப ஒங்க படந்தான் எங்கயோ தப்பா இருக்கு. நான் அப்பாவ மெட்ராசுக்குக் கொண்டு போறேன். ஆம்புலன்ஸ் பேசிட்டேன். வேலைய விட்டுட்டேன்."

"எதட்டி விட்ட?" என்றேன்.

"வேலைய. காலைலயே மெயில் போட்டுட்டேன். அப்பாவப் பாத்துக்க ஆள் வேணும்லா. மூணு நிமிஷம்மா! நீதானே சொன்ன?"

அறுநூறு கிலோமீட்டர். மெஷினோடு, டியூபோடு, இந்தப் பிள்ளை அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையப் போகிறாள். என் மூன்றைப் பிடித்துக்கொண்டு.

"பதினாலு" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"பதினாலு நிமிஷம். சத்தம் கேட்டது 7.06. நான் போய்ப் பாத்தது 7.17. அண்ணன் அமுக்குனது 7.20."

செல்வசிங் நாற்காலியை நகர்த்தினான். நான் நஸ்ரினைப் பார்த்தே சொன்னேன். அவர் கோபம் வந்தால் சாமானைப் போட்டு உடைப்பார், இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டதும் அதுதான் என்று நினைத்தேன். நான் போய்ச் சமாதானம் பண்ணக் கூடாது, இந்தத் தடவை அவராக வரட்டும் என்று கட்டிலில் கிடந்தேன்.

முதல் நாள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் கேட்டேன். நஸ்ரின் ஃபைலிலிருந்து எடுத்துத் தந்தாள். எங்கள் வேலையில் பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது. மை பூசக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், பழையது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். அப்படியே செய்தேன். 3 மேல் கோடு. 14. கையெழுத்து. 10.22.

பிறகு கேட்டேன். கத்தினேன் என்றே எழுத வேண்டும்.

"ஒங்களுக்குத் தெரியும்லா? முதல் படத்துலயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அஞ்சு நாள் ஏன் என்ன இப்படிப் பேச விட்டீங்க?"

"சந்தேகம் இருந்துச்சும்மா" என்றாள். "ஆனா நீங்க சொன்னது சரியா இருந்து, படம் தப்பா இருந்திருந்தா? ஒரு படத்த நம்பி ஒருத்தர விட்டுட்டு, அது தப்புன்னு ஆனா, திரும்பக் கூட்டிட்டு வர முடியாதே. நீங்க ரெண்டு நிமிஷம்னு சொல்லியிருந்தாலும், இருவதுன்னு சொல்லியிருந்தாலும், இந்த அஞ்சு நாள் அவருக்கு உண்டு. அது நீங்க சொன்ன கணக்க வெச்சு வர்றது இல்ல."

இந்த ஐந்து நாளில் நான் திட்டாத ஆள் இந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவளையும்தான் திட்டியிருக்கிறேன், இதே நோட்டில்.

வராந்தாவுக்கு வந்ததும் செல்வசிங் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மைனி, இத வெளிய யார்ட்டயும் சொல்லாண்டாம். சொந்தக்காரங்களுக்கு மூணுதான். நான் பாத்துக்கிடுதேன். நானும் பேச மாட்டேன்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. பிளக்ஸ் வைத்தபோது வந்த கோபம் இதற்குப் பக்கத்தில் வராது. இவன் என்னைக் காப்பாற்றுவதா? இவன் தயவில் நான் இந்தத் தெருவில் நடப்பதா? ஆனால் அவன் கண் கலங்கி இருந்தது. வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பெனிட்டா அறையை விட்டு வெளியே வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. என்னைத் தாண்டிப் போனாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வீட்டுக்குக் கொண்டு போவதென்று பெனிட்டா சொல்லிவிட்டாள். என்னிடம் இல்லை, நஸ்ரினிடம். ஆம்புலன்ஸ் 9.30க்கு. மெட்ராஸ் ஆம்புலன்சை ரத்து பண்ணிவிட்டாள். வேலையைத் திரும்பக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கிற நிலையில் நான் இல்லை.

8.40. அவருடைய வேட்டியையும் துண்டையும் மடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அவர் முகத்தைத் துடைத்துச் சவரம் பண்ணிவிட்டிருந்தாள். ஒரு வாரத் தாடி போனதும் போன வாரம் திங்கட்கிழமை ராத்திரி நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது பார்த்த முகமாகவே இருந்தது.

பெனிட்டா வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"அம்மா."

"சொல்லு மக்கா."

"நைட் டூட்டி பாத்துட்டு வந்துருக்க. அசதியா இருந்திருக்கும். படுத்ததும் கண் அசந்துட்டியாம்மா? அதனாலதான் தெரியலயா?"

அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் போதும். அதற்குத்தான் ராத்திரி முழுவதும் யோசித்து இந்தக் கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

"இல்ல மக்கா. முழிச்சுத்தான் கெடந்தேன். எத்தன நிமிஷம் கழிச்சு ஒங்க அப்பா வந்து பேசுதாவன்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன்."